இரும்பு கிடைச்சுது, பிடி கிடைக்கலை

போன மாசம் வாழையில பக்கக்கன்னு அறுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வரிசை முடிஞ்சு மூணாவது வரிசையில குனிஞ்சு ஓங்கினேன். கையில பிடி மட்டும் இருக்கு, அருவாளைக் காணோம். நிமிர்ந்து பார்த்தா, வரப்புல நின்ன பேரனோட காலுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் சேத்துல குத்திக்கிட்டு நிக்குது. அவனுக்கு வயசு ஆறு. வேடிக்கை காட்டுறேன்னு நினைச்சுச் சிரிக்கான். எனக்குக் கை நடுக்கம் நிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அன்னைக்கு அதுக்கு மேல வேலை பார்க்கலை.

திருவிழாக் கடையில வாங்கின அருவாள் அது. வாங்கி நாலு மாசம்கூட ஆகலை. பிடி வார்னிஷ் பூசி பளபளன்னு இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன், பொய் சொல்லக்கூடாது.

மறுநாள் ரெண்டு துண்டையும் எடுத்துக்கிட்டு ஆசாரிகிட்ட போனேன். எங்க பக்கத்துல கொல்லுப்பட்டறைன்னு இன்னும் உலை மூட்டுறவர் அவர் ஒருத்தர்தான். அருவாளை ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டுட்டு ஓரமா வச்சார். பிடியை எடுத்து உளி வச்சு நெடுக்க ரெண்டாப் பிளந்தார்.

"அண்ணாச்சி, இரும்புல குத்தம் இல்ல. ஓட்டையிலதான் குத்தம்."

பிளந்த பிடிக்குள்ள பார்த்தேன். மிஷின் துளைச்ச துளை, உருண்டையா, சுத்தமா இருக்கு. ஆனா அருவாளோட காம்பு சதுரம். பிடிக்குள்ள போகிற வால் பகுதியை எங்க பக்கம் காம்புன்னு சொல்லுவோம். உருண்டைத் துளைக்குள்ள சதுரக் காம்பை விட்டா நாலு பக்கமும் சந்து விழும். அந்தச் சந்துல ஏதோ வெள்ளைப் பசையை அடைச்சிருக்காங்க. பசை மரத்தைப் பிடிச்சிருக்கு, இரும்பைப் பிடிக்கலை. காம்போட நீளம் ரெண்டு விரல் அகலம்தான். அவ்வளவுதான் விஷயம். நாலு மாசம் தாங்கினதே பெருசுன்னார்.

பிறகு அவர் செய்யுற முறையைச் சொன்னார். முதல்ல காம்பைவிட ஒல்லியா ஒரு வழித்துளை போடணும். துளை பிடிக்கு நட்டநடுவுல போகணும், ஒரு நூல் சரிஞ்சாலும் வெட்டும்போது அருவா கையைத் திருப்பும். பிறகு காம்பை உலையில வச்சுச் சிவக்கக் காய்ச்சி அந்தத் துளையில இறக்கணும். இரும்பு தன் உருவத்துக்கு மரத்தைச் சுட்டு, தனக்குத்தானே வீடு கட்டிக்கும். ஒரேயடியா இறக்கக்கூடாது. கொஞ்சம் இறக்கி, உருவி, கரியைத் தட்டிவிட்டு, மறுபடி இறக்கணும். ரொம்பச் சுட்டா சுத்தி கரியாப் போயிடும், கரி பிடிக்காது, நாளாவட்டத்துல பொடிஞ்சு கழண்டுடும். கடைசியில துளைக்குள்ள அரக்குப்பொடியும் சலிச்ச செங்கல்தூளும் போட்டு, காம்பை இளஞ்சூடாக் காய்ச்சி இறக்கினா அரக்கு உருகி எல்லாச் சந்துலயும் ஓடி, ஆறினதும் கல்லா நிக்கும். பிடியோட வாயில பூண் போடுறது அதுக்கு முன்னாலயே. பூண் இல்லைன்னா காம்பை அடிக்கும்போது மரம் வாய் பிளந்துடும்.

நாப்பது வருசமா அருவா பிடிக்கேன். பிடிக்குள்ள இவ்வளவு சங்கதி இருக்குன்னு எனக்குத் தெரியாது. அருவான்னா இரும்புதான்னு நினைச்சிருந்தேன். இந்த நினைப்பு எனக்கு மட்டும் இல்லை, வரலாறு எழுதினவங்களுக்கும் இருந்திருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுது.

பட்டறையிலிருந்து ஆதிச்சநல்லூர் பைக்குல அரை மணி நேரம். தாமிரபரணியோட தென்கரையில 114 ஏக்கர் பரம்பு. சின்ன வயசுல அங்க ஆடு மேய்க்கப் போவோம், காலுக்குக் கீழ தாழி இருக்குன்னு தெரியாமலே. 1876-ல் ஜெர்மனிக்காரர் யாகோர் வந்து தோண்டி, கிடைச்சதை எல்லாம் பெர்லினுக்குக் கொண்டு போனார். அவர் எடுத்துப் போன இரும்புச் சாமான்ல கத்திகளும் குட்டை வாள்களும் கோடரிகளும்தான் அதிகம்னு அந்தக் காலத்துத் திருநெல்வேலி ஜில்லா குறிப்பு சொல்லுது. பிறகு 1899-லிருந்து ஆறேழு வருசம் அலெக்சாண்டர் ரீ முறையாத் தோண்டினார். 1915-ல் அவர் போட்ட பட்டியல் புத்தகத்துல வாள், குத்துவாள், ஈட்டி, அம்பு, மண்வெட்டின்னு இரும்பு வரிசையா வருது. அவர் எடுத்தது எழும்பூர் அருங்காட்சியகத்துல இருக்கு. 2023-ல் ஆதிச்சநல்லூர்லயே தோண்டின குழிக்கு மேல கண்ணாடி போட்டு, நடந்துக்கிட்டே கீழ பார்க்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. பேரனைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்தேன்.

ரீ எழுதினதுல ஒரு விசயம் எனக்கு மறக்கலை. தாழிக்கு உள்ளயும் வெளியயும் கிடந்த ஆயுதங்கள் நுனி கீழ பார்த்து இருந்துச்சாம். துக்கத்துக்கு வந்தவங்க மண்ணுல குத்தி நிறுத்திட்டுப் போன மாதிரின்னு எழுதுறார். சரி, குத்தி நிறுத்தணும்னா பிடி வேணும்லா? வெறும் காம்பைப் பிடிச்சு யாரும் கத்தியை மண்ணுல இறக்க முடியாது. அன்னைக்கு ஒவ்வொரு கத்திக்கும் மேல ஒரு பிடி நின்னிருக்கணும். செத்தவரோட கை பட்டு வழவழப்பான பிடியாக்கூட இருந்திருக்கலாம். அது மண்ணுக்குப் போயிட்டு. கரையான் தின்னுச்சோ, ஈரம் தின்னுச்சோ. கண்ணாடிப் பெட்டியில நாம பார்க்கிறது பிடி போன இரும்பு. பேரன் கேட்டான்: "தாத்தா, இதை எப்படிப் பிடிச்சாங்க?" நியாயமான கேள்வி. அட்டையில அதுக்குப் பதில் இல்லை.

மரம் அடியோட போயிடும்னும் சொல்ல முடியாது. மரம் மக்குறதுக்கு முன்னால இரும்பு துருப்பிடிச்சா, அந்தத் துரு மரத்தோட ரேகைக்குள்ள ஏறி அச்சு எடுத்த மாதிரி நின்னுடும். உலகம் முழுக்கத் தொல்லியல்காரங்க அந்த ரேகையைப் பார்த்து இன்ன மரம்னு சொல்லுதாங்க. ஆனா துருவைச் சுரண்டி இரும்பைப் பளிச்னு காட்டணும்னு நினைச்சா அந்த ரேகையும் சேர்ந்து போயிடும்.

இந்தப் பக்கத்து ஆளுக துளை போடுறதுல எப்பேர்ப்பட்ட கைகாரங்கன்னு தெரிஞ்சுக்க ஆத்தோட போக்குல இன்னும் கீழ போகணும். கொற்கை. ஏரல்ல இருந்து பக்கம்தான். இப்போ சுத்தி வயலும் வாழையும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டு. 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டின குழியில எடுத்த கரித்துண்டைச் சோதிச்சப்போ பொ.மு. 785-ஐ ஒட்டின காலம்னு வந்துச்சு. அங்க அக்கசாலை ஈசுவரமுடையார்னு ஒரு கோயில். அக்கசாலைன்னா பொன்வேலை நடக்கிற பட்டறை, நாணயம் அடிக்கிற சாலை. பட்டறை பேர்ல ஒரு சாமி. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

நூறு வருசத்துக்கு முன்னால மெட்ராஸ் மீன்துறையில இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் கொற்கையிலயும் காயல்லயும் நிலத்தைக் கிளறி, ரம்பத்தால அறுத்த சங்குத் துண்டுகளைப் பொறுக்கினார். 1914-ல் சங்கைப் பத்தி அவர் எழுதின புத்தகத்துல அது இருக்கு. உடைஞ்ச சங்கு இல்லை, அறுத்த சங்கு. வங்காளத்துல வளையல் அறுக்கிற பட்டறையில விழுற கழிவு எப்படி இருக்குமோ அப்படியே இங்கயும். அப்போ சங்கு நம்ம கரையில எடுத்து நம்ம கரையிலயே அறுபட்டிருக்கு. பிறகு எந்தக் காலத்துலயோ அறுக்கிறது நின்னுபோய், முழுச்சங்கா டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் ஏற ஆரம்பிச்சுது. வெங்காயம் மாதிரிதான். விளைவிக்கிறது நாம, உரிச்சுக் காசு பார்க்கிறது வேற ஆளு.

மதுரைக்காஞ்சி மதுரைத் தெருவுல இருந்த தொழிலாளிகளைச் சொல்லும்போது, சங்கறுத்துக் கடைஞ்சு வளையல் செய்யுறவங்களையும் மணியில துளை போடுறவங்களையும் அடுத்தடுத்து நிறுத்துது. கவிஞர் ஏதோ வாய்க்கு வந்த வரிசையில சொல்லலைன்னு நினைக்கேன். ரெண்டும் ஒரே மாதிரிக் கை. கெட்டியான, ஆனா சட்டுன்னு விரிசல் விடுற பொருளை மெல்ல மெல்லத் தேய்ச்சு வழிக்குக் கொண்டு வர்ற கை.

முத்து துளைக்கிறதை நேர்ல பார்த்து எழுதி வச்சவர் ஒருத்தர் இருக்கார். இராபர்ட் பெர்சிவல், இலங்கையில இருந்த ஆங்கில ராணுவ அதிகாரி. அவர் புத்தகம் 1803-ல் வந்துச்சு. அவர் பார்த்தது எதிர்க்கரையில, மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்புல. ஆனா அங்க குளிக்கப் போனதுல தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்து ஆளுக நிறைய. ரெண்டு கரைக்கும் ஒரே கடல், ஒரே தொழில். அவர் சொல்றபடி, துளைக்கிறவன் முன்னால மூணு கால் வச்ச ஒரு மரக்கட்டை. தலைகீழாக் கவுத்த கூம்பு மாதிரி இருக்கும். மேல்பக்கம் தட்டை. அதுல சின்னச் சின்னக் குழி. பெரிய முத்தைக் குழியில வைப்பான். பொடி முத்தைச் சின்ன மரச்சுத்தியால தட்டி இறக்கி அசையாமப் பண்ணுவான். முத்தோட அளவுக்குத் தக்க இரும்புக் கம்பி, அதுக்கு ஒரு மரத்தலை, சுத்திவிட ஒரு வில். இடதுகை மரத்தலையை அழுத்தும், வலதுகை வில்லை இழுக்கும். பக்கத்துல ஒரு சிரட்டையில தண்ணி. துளைச்சுக்கிட்டே இருக்கும்போது வில்லைப் பிடிச்ச அதே வலதுகையோட சுண்டுவிரலைத் தண்ணியில முக்கி முத்தை நனைச்சுக்குவான். வேலை நிக்காது. அந்த வேகமும் பக்குவமும் ரொம்பப் பழகினாத்தான் வரும்னு பெர்சிவல் வியக்குறார்.

இந்தச் சுண்டுவிரலைப் படிச்சதும் எனக்கு ஆசாரி ஞாபகம்தான். அவர் பட்டறை மூலையில ஒரு பழைய துறப்பணம் கிடக்கு. அவங்க தாத்தா காலத்துச் சாமான். தோல்வார் வச்சு ஒருத்தர் இழுக்க, ஒருத்தர் மேலிருந்து அழுத்தணும். தூத்துக்குடி தோணித்துறையில பலகைக்கு ஆணி இறங்க வழித்துளை போட ஓடாவிமார் வச்சிருந்ததும் இதே குடும்பந்தான்னார். முத்துக்குச் சின்ன வில், பிடிக்கு நடுத்தரம், தோணிப் பலகைக்குப் பெரிய வார். வேலை ஒண்ணுதான்.

துறப்பணத்துக்கும் இப்போதைய கரண்டு மிஷினுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன். வில் ஒரு இழுப்புல இந்தப் பக்கம் சுத்தும், மறு இழுப்புல அந்தப் பக்கம் சுத்தும். அதனால அலகை ரெண்டு பக்கமும் வெட்டுற மாதிரி ஈட்டிமுனையா அடிச்சிருப்பாங்க. அது தோண்டாது, சுரண்டும். மெதுவாப் போறதால சூடு ஏறாது. மிஷின் நிமிசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல சுத்துது. மரம்னா உள்சுவர் பளபளன்னு கருகிடும், அந்தப் பளபளப்புல பசை ஒட்டாது. கொம்புன்னா முடி கருகின நாத்தம் வரும், அந்த இடம் பிறகு வெடிக்கும். சங்கு, சிப்பின்னா சொல்லவே வேண்டாம், சூட்டுல விரிசல் விட்டுடும். தண்ணி விடாம அறுத்தா பறக்குற தூள் நெஞ்சுக்குள்ள போய் ஆளையே கெடுக்கும். முத்துக்காரன் சிரட்டைத் தண்ணி சும்மா இல்லை.

இன்னொண்ணும் சொன்னார். துளை ஒரு பக்கமா மறுபக்கம் வரைக்கும் ஒரே இழுப்புல போகக்கூடாது. அலகு முனை மறுபக்கம் ஊசி அளவுக்குத் தெரிஞ்சதும் நிறுத்தி, கட்டையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமிருந்து துளைக்கணும். இல்லைன்னா வெளியேறுற வாயில மரம் பிசிறிக்கிட்டுப் போகும். ரெண்டு பட்டை வச்சு ஆணி அடிக்கிற கத்திப் பிடிக்கு இது ரொம்ப முக்கியமாம். முன்னாடி காலத்து மணிகள்லயும் இப்படித்தான். ரெண்டு பக்கமிருந்து வந்த துளை நடுவுல சந்திக்கிற இடத்துல லேசா ஒரு படி தெரியும். கோரெலிக், குவின்னெட்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய மணிகளோட துளைக்குள்ள சிலிக்கோன் ஊத்தி அச்சு எடுத்து, மின்னணு நுண்ணோக்கியில வச்சுப் பார்த்தாங்க. வைரமுனை வச்ச துறப்பணம் இந்தியாவுல இருந்துதான் ரோமாபுரிப் பக்கம் போயிருக்கும்னு 1988-ல் எழுதினாங்க. பொருளைப் பார்க்காம அதுக்குள்ள இருக்கிற ஓட்டையைப் பார்த்தே இவ்வளவு சொல்லலாம். ஆசாரி பிடியைப் பிளந்து சொன்னதும் அதேதானே.

இப்போ ஒரு கேள்வி வரும். இவ்வளவு சிப்பி எடுத்த கரையில சிப்பியிலயே ஏன் கத்திப் பிடி போடலை? சீமைக் கத்திகள்ல முத்துச்சிப்பிப் பிடி பார்த்திருப்பீங்க, சாய்ச்சா வானவில் ஓடும். அது நம்ம சிப்பி இல்லை. ஆஸ்திரேலியக் கடல்ல எடுத்த தட்டு மாதிரிப் பெரிய சிப்பி. அதுதான் லண்டனுக்கு ஏலத்துக்குப் போய்ப் பித்தானும் கத்திப்பிடியுமா ஆச்சு. மன்னார் வளைகுடாச் சிப்பி உள்ளங்கைக்குள்ள அடங்கும், ஓடு மெல்லிசு. துளைக்க ஆரம்பிச்சாலே நொறுங்கிடும். முத்தை எடுத்துக்கிட்டு ஓட்டைக் கொட்டிடுவாங்க. கொட்டினது காளவாசலுக்குப் போகும். இந்தக் கரையில சிப்பி, சங்கு, பவளக்கல் எல்லாத்தையும் சுட்டுத்தான் சுண்ணாம்பு.

அந்தச் சுண்ணாம்புதான் பனையேறி கலயத்துக்குள்ள தடவுறது. அது இல்லைன்னா பதநீர் புளிச்சுக் கள்ளாயிடும். ஆக, கத்திப்பிடியாக முடியாத சிப்பி கடைசியில பனையேறியோட பாளை அருவாளுக்குப் பக்கத்துலயே போய்ச் சேர்ந்துட்டு.

பாளை அருவாளைப் பத்தி ஒரு பாரா எழுதாம இதை முடிக்க மாட்டேன். எங்க பெரியப்பா பனையேறி. இடுப்புல அருவாப்பெட்டி, அதுல ரெண்டு அருவா, கையில முருக்குத்தடி. அந்த அருவா வெட்டுறதுக்கு இல்லை, சீவுறதுக்கு. பாளை நுனியைக் காயிதக் கனத்துக்குச் சீவணும். கூட ஒரு நூல் போனா பாளை அழுகும், குறைஞ்சா பதநீர் சொட்டாது. மரத்து உச்சியில ஒரு கையால மட்டையைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால சீவுறப்போ பிடி ஒரு மயிரிழை ஆடினாலும் கை போயிடும், இல்லைன்னா ஆளே போயிடுவார். அதனால பெரியப்பா பிடியைத் தன் கைக்கு அளவெடுத்துத்தான் போடச் சொல்லுவார். மண்ணை ஈரமாப் பிசைஞ்சு கையால இறுக்கிப் பிடிச்சு, அந்த அச்சைக் கொண்டு போய் ஆசாரிகிட்ட கொடுப்பாராம். தம்பி அருவாளைக்கூடத் தொட மாட்டார். இதுல வேடிக்கை என்னன்னா, பனையிலயே பொழைச்சவர் பனைமரத்துல பிடி போட மாட்டார். பனை வயிரம் இரும்பு மாதிரிதான். ஆனா நெட்டுக்கு நார் நாரா இருக்கிறதால துளை போடும்போதே பிசிறும், பிடிச்சா சிராய் ஏறும். அவர் கேக்கிறது நாட்டுக் கருவேல், இல்லைன்னா முத்தின வேம்பு. உச்சியில வேர்வை வரும்போது வேம்பு கையைக் கவ்வும்னு சொல்லுவார்.

வேர்வைன்னதும் ஒரு சமாச்சாரம். நம்ம கடல்ல திருக்கை நிறைய. அதோட தோல்ல கடுகு கொட்டின மாதிரி கெட்டி மணி மணியா இருக்கும், எவ்வளவு ஈரக்கையா இருந்தாலும் வழுக்காது. ஜப்பான்காரங்க வாள்பிடி மரத்து மேல அந்தத் தோலைத்தான் ஒட்டி, மேல கயிறு சுத்துவாங்க. 17-ஆம் நூற்றாண்டுல டச்சுக் கம்பெனி சயாம்ல இருந்தும் சோழமண்டலக் கரையில இருந்தும் திருக்கைத் தோலை மூட்டை மூட்டையா ஜப்பானுக்குக் கொண்டு போய் வித்துச்சு. 1658-ல் போர்த்துகீசியர்கிட்ட இருந்து தூத்துக்குடியைப் பிடிச்சாங்களே, அதே கம்பெனி. நம்ம கறிக்கு உரிச்சுத் தூரப் போடுற தோல்!

அந்த ஜப்பான் வாளை பிடியில நிறுத்துறது ஒரே ஒரு துளை. காம்புலயும் மரத்துலயும் நேரா ஒரு துளை போட்டு, அதுல ஒரு மூங்கில் முளை. முளையைத் தட்டிவிட்டா வாள் தனியா வந்துடும். உள்ள காம்புல கொல்லன் தன் பேரை வெட்டி வச்சிருப்பான். வெளிய தெரியாது, பிடியைக் கழட்டினாத்தான் தெரியும். அதனால நானூறு, ஐநூறு வருசத்து வாளைக்கூட இன்னார் அடிச்சதுன்னு இன்னைக்கும் சொல்லுதாங்க. நம்ம ஊர்ல? முத்து துளைச்சவன் சுண்டுவிரலைக்கூடப் பெர்சிவல் எழுதினார், அவன் பேரை எழுதலை. கொற்கையில முத்துக்குளிச்சது தண்டனைக் கைதிகள்னு கிரேக்க மாலுமியோட பெரிப்ளூஸ் குறிப்பு சொல்லுது, அங்கயும் ஒரு பேர் இல்லை. சேரமன்னன், பாண்டியமன்னன் பேரெல்லாம் பேரன் பாடத்துல மனப்பாடம் பண்ணுதான். துறப்பணம் பிடிச்ச ஒருத்தர் பேர்கூட யாருக்கும் தெரியாது. எனக்கு இதுல கோவம்தான் வருது.

மெருகு போடுறதுக்கு வரேன். பெர்சிவல் சொல்ற இன்னொரு விசயம், முத்தை உருட்டி மெருகேத்த முத்தையே பொடி பண்ணித்தான் தேய்ச்சாங்களாம். தன் தூளாலயே தனக்கு மெருகு. ஆசாரியும் பிடியில எங்கயாவது சின்னப் பள்ளம் விழுந்தா அதே மரத்தைச் சீவின தூளை அரக்குல குழைச்சுத்தான் அடைக்கிறார். வேற மரத்தூள் போட்டா நிறம் காட்டிக்கொடுத்துடும்.

உப்புக்காகிதம் வர்றதுக்கு முன்னால என்ன செஞ்சாங்கன்னு கேட்டேன். பிராய் மரத்து இலைன்னார். காய்ஞ்ச இலையை விரல்ல தடவிப் பாருங்க, பூனை நாக்கு மாதிரி இருக்கும். மரம் மட்டும் இல்லை, தந்தத்தையே அதுல தேய்ச்சு மெருகேத்தியிருக்காங்க. கடலோரத்துல சுறாத்தோல். தேய்க்கிறதும் ரேகை ஓடுற திசையிலதான், குறுக்க தேய்ச்சா கீறல் எண்ணெய் பட்டதும் பல்லைக் காட்டும். கடைசியா எண்ணெய். தோணிக்குப் பூசுற புன்னை எண்ணெய், இல்லைன்னா வேப்பெண்ணெய். மூணு நாள் ஊறவிட்டுத் துணியால துடைக்கணும். வார்னிஷ் போட்டா கடையில விக்கும், காட்டுல வழுக்கும். கையில கொப்புளமும் வரும். திருவிழாக் கடையில பளபளப்பைப் பார்த்து ஏமாந்த எனக்குத்தான் அவர் இதைச் சொன்னார்னு நினைக்கேன், வேற பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னார்.

மான்கொம்புப் பிடி அவங்க அப்பா போட்டிருக்காராம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்குப் பிறகு அதைத் தொடுறதே இல்லை. அது நல்லதுதான், மான் இருக்கட்டும். ஆனா துறப்பணம் ஓஞ்சதுக்கு எந்தச் சட்டமும் காரணம் இல்லை. தூத்துக்குடிக் கடல்ல முத்துக்குளிப்பு 1955-ல் ஆரம்பிச்சு வருசாவருசம் நடந்து 1961-ஓட நின்னுபோச்சு. பிறகு சிப்பிப் பார் தேறவே இல்லை. 1973-ல் தூத்துக்குடி மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துல அழகர்சாமி தலைமையில வளர்ப்பு முத்து எடுத்தாங்க. சிப்பிக்குள்ள கருவா வைக்கிற மணியை நம்ம சங்கையே உருட்டிச் செஞ்சு பார்த்தாங்க. அது ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளயே நின்னுட்டு, கரைக்கு வரலை. தோணித்துறைக்குக் கரண்டு மிஷின் வந்தாச்சு. பனையேறுறவங்களை எங்க ஊர்ல விரல் விட்டு எண்ணலாம். ஆசாரியோட மகன் கப்பல் கன்டெய்னர் யார்டுல வேலை பார்க்கான், மாசம் பிறந்தா சம்பளம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகனும் விவசாயத்துக்கு வரலை.

என் அருவாளுக்குப் புதுக் காம்பு ஒட்டி, நீட்டி, பழைய ஏர்க்கால்ல இருந்து அறுத்த கருவேலத்துல பிடி போட்டுக் கொடுத்தார். வழித்துளையைத் துறப்பணத்துல போடச் சொல்லி நான்தான் அடம் பிடிச்சேன். "அண்ணாச்சி, நீங்க இழுக்கதா இருந்தா போடலாம்"னார். வாரை நான் இழுத்தேன், அவர் மேல அழுத்தினார். முதல்ல ரெண்டு தடவை வார் நழுவிடுச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை, வாரைக் கொஞ்சம் நனைச்சுவிட்டார். ஒரு சாண் துளைக்கு அரை மணி நேரம் ஆச்சு, மறுநாள் தோள்பட்டை தூக்க முடியலை. காம்பைச் சுட்டு இறக்கினப்போ வந்த புகை வாசம் சட்டையில ரெண்டு நாள் இருந்துச்சு. பிடி என் கைக்கு உக்காந்துட்டு. பக்கக்கன்னு மிச்சத்தையும் அறுத்து முடிச்சாச்சு. பேரன் இப்போ வரப்புல இல்லை, மோட்டார் ரூம் திண்ணையில உக்காந்துதான் பார்க்கணும்னு அவங்க ஆச்சி உத்தரவு.

பிடியோட அடியில உங்க பேரை ஒரு எழுத்தாவது வெட்டுங்கன்னு ஆசாரிகிட்ட கேட்டுப் பார்த்தேன். "அருவாளுக்கு எதுக்கு அண்ணாச்சி பேரு"ன்னு சிரிச்சுட்டார். இங்கயும் அவர் பேரைப் போட வேண்டாம்னுட்டார், அதனால போடலை.

வீட்டுல இன்னும் மூணு அருவாவும் ஒரு மண்வெட்டியும் பிடி ஆடிக்கிட்டு கிடக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால கொண்டு போகணும். கட்டி அரக்குதான் கிடைக்க மாட்டேங்குது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் எந்தக் கடையில கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஆசாரிக்கும் சேர்த்து வாங்கிடுவேன்.